கயிற்றுக்கு இந்தப் பக்கம்

ஜகார்த்தா
4 மார்ச் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் அனுப்பிய கருவாடு வந்தது. அறைத் தோழி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

ஒரு சிக்கல், அப்பா. நம் ஊர்க் கரையில் எங்கள் கம்பெனி நடத்தும் விடுதியில் ஏப்ரல் ஆறாம் தேதி ஒரு ஆஸ்திரேலியக் கல்யாணம். மணலில் பந்தல் போட்டு நடக்கிறது. ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. தேதி குறித்தபோது நம் பாலி நாள்காட்டியைப் பார்க்கத் தவறிவிட்டேன். புத்தாண்டு மௌன நாளுக்கு முன்னால் நம் கோவில் தெய்வங்களைக் கடலுக்குத் தூக்கிப் போவது அன்றைக்குத்தான் என்று நேற்று தெரிந்தது.

மேலாளர் லாரிகள் தருகிறார். தெய்வங்களைத் தெற்குக் கரைக்குக் கொண்டுபோகலாம். எல்லோருக்கும் சாப்பாடும் உண்டு. ஊர்ச் சபையில் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். இது கெட்டால் என் வேலை போய்விடும், அப்பா.

உங்கள் மகள்,
லூ சரியாசி

*

12 மார்ச்

கண்ணே சரியாசி,

அம்மா காலை முதல் படையலுக்கு ஓலை பின்னுகிறாள். பேச்சுக் கொடுத்தால் ஓலை கோணுகிறதாம், என்னைத் துரத்திவிட்டாள். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நான் சொன்னால் சபை கேட்கும் என்று எழுதியிருக்கிறாய். போன மாதம் நாய்களைக் கட்டிப்போடச் சொன்னேன். என் நாயே கேட்கவில்லை. இருந்தாலும் உன் கடிதத்தை அப்படியே சபையில் வாசித்தேன். "சாப்பாட்டுல பன்றிக்கறி உண்டான்னு கேளு" என்றான் மடே சுகர்த்தா. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்து ஊர்த் தெய்வங்கள் லாரியில்தான் போகின்றன. குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்குக் கடல் தூரம். நம் கோவில் வாசலில் நின்றால் அலை தெரிகிறது. இந்த வருஷம் லாரியில் ஏறினால் அடுத்த வருஷம் அங்கே விடுதியின் சுவர் இருக்கும். அப்புறம் உன் பிள்ளைக்குக் கடல் பார்க்க நான் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

வெள்ளைக்காரர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்களை ஜீப்பில் ஏற்றி நீர்வீழ்ச்சி, குரங்குக் காடு என்று காட்டித்தானே உன்னைப் படிக்க வைத்தேன். குரங்குகளைவிட என்னைத்தான் அதிகம் படம் எடுக்கிறார்கள்.

நடந்துதான் வருவோம்.

அப்பா,
கெத்துட் ரெங்கா

*

ஜகார்த்தா
20 மார்ச்

அப்பாவுக்கு,

உங்கள் சிரிப்பு எனக்குச் சிரிப்பாக இல்லை. உங்கள் ஜீப்பில் ஏறுவதே அந்த விடுதி விருந்தாளிகள்தான். அதையும் நிறுத்திவிடுவார்கள். அன்று மணலில் கயிறு கட்டிக் காவல் போடுகிறார்கள். நானும் வந்திருப்பேன், கயிற்றுக்கு அந்தப் பக்கம்.

சரியாசி

*

27 மார்ச்

கண்ணே,

சரி. நாங்கள் இந்தப் பக்கம் இருப்போம். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வா, மணல் சுடும்.

அப்பா

*

ஜகார்த்தா
11 ஏப்ரல்

அன்புள்ள அப்பா,

அன்று பேச முடியவில்லை, இரவே விமானம். மேளமும் தாளமும் நெருங்கின. பெண் வீட்டார் கலவரம் என்று நினைத்து எழுந்துவிட்டார்கள். சட்டென்று ஒலிபெருக்கியை வாங்கி, "மணமக்களுக்காக விடுதி வழங்கும் சிறப்பு நிகழ்ச்சி" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை நானே அவிழ்த்தேன். எப்படிக் கைதட்டினார்கள், பார்த்தீர்களா?

வேலை தப்பியது. அது மட்டுமில்லை. மேலாளர் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இதே ஊர்வலம் வேண்டும் என்கிறார். ஊருக்குப் பணம் தருவார்கள், கயிறே இனி இருக்காது, நீங்கள்தான் தலைவர். எல்லோருக்கும் நல்லதுதானே, அப்பா?

மகிழ்ச்சியுடன்,
சரியாசி

*

19 ஏப்ரல்

கண்ணே சரியாசி,

உன் வேலை தப்பியதற்கு அம்மா கோவிலில் பூ வைத்தாள். நானும் ஒன்று வைத்தேன்.

கைதட்டியதைப் பார்த்தேன். அதற்கு முன் நடந்ததை நீ பார்த்திருக்க மாட்டாய். உன் சித்தப்பா மகன் கெடே சுவாம்பா விடுதிக் காவலாளியாக, தொப்பியும் சீருடையுமாகக் கயிற்றடியில் நின்றான். "பெரியப்பா, மேலிடத்து உத்தரவு, விட முடியாது" என்றான். "இந்த வருஷம் சாமிக்கு மஞ்சக் குடை புடிக்கிற முறை உங்க வீட்டுக்குத்தானடா. வரலேன்னா நாளைக்கு உன் பொணத்த யார் தூக்குவா, மேலாளரா?" என்றேன். தொப்பியைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு, குடையை வாங்கிவிட்டான். அப்போதே கயிறு போன மாதிரிதான். நீ அவிழ்த்தது முடிச்சை மட்டும்.

அப்புறம் உன் குரல் கேட்டது. இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது பத்து வாக்கியம். உன் பாழாய்ப்போன வாக்கியம் அந்தப் பத்துக்குள் இருந்தது. கைதட்டினார்கள், சரியாசி. நம் தெய்வங்களைப் பார்த்து, குரங்குக்குத் தட்டுகிற மாதிரி. பழைய பழக்கத்தில் எனக்குக் கும்பிட்டுச் சிரிக்கக் கை எழுந்தது. கீழே போட்டுக்கொண்டேன்.

மேலாளரிடம் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டேன். பௌர்ணமிக்கு வர மாட்டோம். காசு கொடுத்தாலும் வர மாட்டோம். மௌன நாளுக்கு முன்னால், வருஷத்தில் ஒரு நாள், கூப்பிடாமலே வருவோம். அவர் கல்யாணம் வைத்தாலும் வருவோம், சுவர் வைத்தாலும் வருவோம். விருந்தாளிகளை இனி என் ஜீப்பில் ஏற்ற மாட்டாராம். நல்லதுதான், குரங்குகளுக்குக் கொஞ்சம் ஓய்வு.

உனக்கும் ஒன்று சொல்கிறேன். அடுத்த வருஷம் ஒலிபெருக்கி பிடிக்க வராதே. அம்மாவுக்குக் கழுத்து வலிக்கிறது, படையல் கூடையைத் தலையில் சுமக்க ஒரு ஆள் வேண்டும். வரிசையில் உன் இடத்தைக் காலியாக வைத்திருப்போம். நீ வராவிட்டால் காலியாகவே அது கடல் வரை நடக்கும்.

அந்தக் கயிற்றை நான் எடுத்து வந்துவிட்டேன். நல்ல கயிறு. நம் வீட்டுப் பன்றியை அதில்தான் கட்டியிருக்கிறேன். விடுதிக்காரர்கள் கேட்டால் வந்து அவிழ்த்துக்கொள்ளட்டும். பன்றி கடிக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

அப்பா,
கெத்துட் ரெங்கா