பொத்தானோ துரும்போ

போடிநாயக்கனூர்
13.11.83

அன்பு மகள் பொன்னுமணிக்கு அம்மா ராமுத்தாய் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் சின்னச்சாமி மாமா வீட்டாரும், போன மாதம் குட்டி போட்ட ஆடு வரைக்கும் எல்லாரும் சுகம். பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் மேலுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா. போன கடிதத்தில் இருமல் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே புதுச் சேலைக்குப் போய்விட்டாய், இருமல் நின்றதா இல்லையா. மிளகைத் தட்டிப்போட்டுக் கசாயம் வைத்துக் குடி, மாத்திரையை மட்டும் நம்பாதே. இங்கே ஐப்பசி அடைமழை, போடிமெட்டு ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்து, மலையிலிருந்து ஏலக்காய் லோடு ஐந்து நாள் இறங்கவில்லை. காய் வராததால் கடையில் தரம் பிரித்துக் காய் பொறுக்குகிற எங்களுக்கும் சோலி இல்லை. சும்மா இருந்ததால் வந்த வினையைத்தான் இப்போது எழுதப்போகிறேன். கோபப்படுவதானால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு ஆத்தா, பாதியில் வேண்டாம்.

நான் சினிமாக் கொட்டகைக்குள் கால் வைத்துப் பத்து வருசத்துக்கு மேல் ஆகிறது. என்னோடு காய் பொறுக்கும் மருதாயிதான் போன ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பகல் ஆட்டத்துக்குப் போனாள். படத்தின் பேர் மனசில் நிற்கவில்லை, கதை நிற்கிறது. புருசனோடு கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு வந்த ஒருத்தி தையல் கடை வைத்திருக்கிறாள். அவளைப் போலவே பெண்டாட்டியோடு தீர்ந்துபோன ஒருத்தன், சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது என்று அவளிடம் வருகிறான். மறுநாளும் வருகிறான், அதற்கு மறுநாளும் வருகிறான். அவனே பிளேடால் அறுத்துக்கொண்டு வருகிறான் என்பது அவளைத் தவிர கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். ஜட்ஜ் தாளில் கையெழுத்துப் போட்டுத் தீர்ப்புச் சொன்ன இடத்தில் எங்கள் வரிசைப் பொம்பளைகள், இதென்னடி கூத்து, துரும்பு குடுக்காம எப்பிடித் தீரும், ஏய் துரும்ப வாங்குடி என்று திரையைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். நம் ஆட்களுக்குக் கையெழுத்தாவது தாளாவது, பெரியவர்கள் முன்னால் புருசன் கையால் ஒரு வைக்கோல் துரும்பை வாங்கினால்தானே தீர்ந்தது என்று அர்த்தம். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வாங்கினவள் அல்லவா.

அதற்குள் இன்னொரு வேடிக்கை. தடுப்புச் சுவருக்கு அந்தப்புறம் ஆண்கள் பக்கத்தில் ஒரு ஆள், எல்லாரும் சிரிப்பதற்கு முன்னாலேயே ஒருதரம் சிரித்துக்கொண்டிருந்தார். பொத்தான்காரன் கதவைத் தட்டுவதற்குள் இவர் சிரித்து முடித்துவிடுகிறார். இடைவேளையில் விளக்குப் போட்டதும் எட்டிப் பார்த்தேன், நம் கடைக்கு மலையிலிருந்து லோடு கொண்டுவரும் ஜீப்புக் கன்னையன். உனக்கு நினைவிருக்கும், நீ பள்ளிக்கூடம் முடித்து மதுரைக்கு நர்ஸ் படிக்கப் போனபோது உன் டிரங்குப் பெட்டியை பஸ்சு வரைக்கும் தூக்கி வந்தவர். ரோடு மூடிக் கிடந்ததால் அவருக்கும் சோலி இல்லை, வியாழக்கிழமையிலிருந்து தினமும் அதே படம், நாலாவது தடவை என்று மருதாயி விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ரோடு திறந்தது. புதன்கிழமை காலையில் மூட்டை இறக்க வந்தவர் நேராக என்னிடம் வந்து நிற்கிறார், நெஞ்சில் ஒரு பொத்தான் இல்லை, பொத்தான் கையில் இருக்கிறது. நூல் பிளேடு போட்ட மாதிரி சுத்தமாக அறுந்திருக்கிறது. பொறுக்குகிற பொம்பளைகள் இருபது பேரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம். என் ராங்கிதான் உனக்குத் தெரியுமே. சாக்கு தைக்கிற கோணி ஊசியில் சணலைக் கோத்து, பொத்தானை அவர் கையிலேயே விட்டுவிட்டு, சட்டையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மூட்டை வாயைத் தைக்கிற மாதிரி தைத்து மூடிவிட்டேன். எந்நேரமும் கேரளாப் பக்கம் போய் வருகிறவர் அல்லவா, போதும் என்பதை மலையாளத்தில் மதி ராமுத்தாயி, மதி என்று கெஞ்சுகிறார், நான் இன்னும் நாலு தையல் போட்டேன். ஆனால் பார், இன்றோடு நாலு நாள், அந்தத் தையலைப் பிரிக்கவில்லை. சட்டையைத் தலை வழியாகக் கழற்றித் துவைத்துத் தலை வழியாகவே மாட்டிக்கொண்டு மலைக்கும் ஊருக்கும் வண்டி ஓட்டுகிறார்.

நேற்றுச் சாயங்காலம் கடை வாசலில் வைத்துக் கேட்டேவிட்டார். சினிமாவப் பாத்துட்டு வந்து கேக்குறேன்னு நெனைக்காத, கேக்கணும்னு நெனச்சு ஏழு வருசமாச்சு, எப்பிடிக் கேக்குறதுன்னு தெரியாமத்தான் சினிமாவுக்கே போனேன் என்றார். அவர் பெண்டாட்டியும் துரும்பு வாங்கிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு வருசம் ஆகிறது, பிள்ளை இல்லை. குடிக்கிற பழக்கமும் இல்லை, அதைத் தனியாக விசாரித்துவிட்டேன். நீ என்னைத் திட்டினாலும் சரி, மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கும் பிடித்திருக்கிறது. நாற்பத்தைந்து வயசில் இதை மகளுக்கு எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

நம்மில் அறுத்துக் கட்டுவது புதிதில்லை. துரும்பு வாங்கின இரண்டாம் வருசமே சின்னச்சாமி மாமா குரங்கணியில் ஒரு இடம் பார்த்தார், நான்தான் மாட்டேன் என்றேன். ஏன் என்று உன்னிடம் சொன்னதில்லை. பஞ்சாயத்தில் உன் அய்யா என் கையில் துரும்பைக் கொடுத்தபோது உனக்கு ஆறு வயசு. நீ விறுவிறு என்று மாமாவின் படப்புக்கு ஓடிப்போய் இரண்டு கை நிறைய வைக்கோலை உருவிக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டாய். எங்ககிட்ட நெறையா இருக்கு, ஒங்க துரும்ப நீங்களே வச்சுக்கங்க, அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்றாய். பெரியவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்தப் பிள்ளையை இனி எந்தச் சபையிலும் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தவள்தான். படம் எடுத்தவன் கெட்டிக்காரன், அந்தத் தையல்காரிக்குப் பிள்ளையே வைக்கவில்லை. பிள்ளை இருந்திருந்தால் இரண்டரை மணி நேரத்தில் படம் முடிந்திருக்காது.

அதனால் உன்னைக் கேட்காமல் அவருக்குப் பதில் சொல்ல மாட்டேன், பொங்கல் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் நல்ல நேரம் பார்த்துச் சொல். உன் மாமியார் வீட்டில் உனக்கு ஒரு சொல் வருமென்றால் வேண்டாம், நான் இருந்தபடியே இருந்துகொள்வேன், அதில் எனக்கு ஒன்றும் குறையில்லை என்று எழுத நினைத்தேன். குறை இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நீதான் முதல். விளக்கமாக எழுத உனக்கும் கூச்சமாக இருக்கும், எழுத வேண்டாம். உனக்குச் சம்மதம் என்றால் கடிதத்துக்குள் ஒரு சட்டைப் பொத்தானை வைத்து அனுப்பு. இல்லையென்றால் ஒரு துரும்பை வை, இந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுவேன்.

பார்சலில் வருகிற ஏலக்காயை டப்பாவில் போட்டு இறுக மூடி வை, பம்பாய் ஈரக்காற்றில் பூசணம் பூத்துவிடும். நீயும் மாப்பிள்ளையும் மடி நிறையப் பிள்ளையோடு நூறு வருசம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்து வாழ வேண்டும். பதிலை வெரசாப் போடு.

இப்படிக்கு உன் அம்மா
ராமுத்தாய்

பி.கு. வெள்ளைப் பொத்தான், நாலு ஓட்டை. நீ இருக்கிற மூன்றாம் மாடியில் துரும்புக்கு எங்கே போவாய் என்பதும் எழுதிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதற்காக யோசிக்காதே, ஒரு துரும்பை நானே இதற்குள் வைத்திருக்கிறேன். உன் அய்யா கொடுத்ததுதான், இத்தனை வருசமும் பெட்டியில் கிடந்தது. வேண்டாம் என்றால் அதையே திருப்பி அனுப்பு. பொத்தான் அனுப்புவதாக இருந்தால், இதை நீயே உன் கையால் அடுப்பில் போட்டுவிடு.