அனுமதி இல்லாமல் மாற்றிய முப்பது கணினிகள்

ஜூன் 11, செவ்வாய்

பள்ளிகளுக்கு எந்த மடிக்கணினி வாங்குவது என்று முடிவு செய்யும் குழுவில் ஐந்து பேர். வகுப்பறையில் நிற்பவள் நான் ஒருத்திதான். இன்று கடைசிக் கூட்டம். ஏசி அறை, பறக்கிற இணையம், ஆளுக்குப் பத்து நிமிடம் தட்டிப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். மலிவுக் கணினி, அதன் தலையில் அது தாங்காத இயங்குதளம்.

"எங்க ஸ்கூல்ல நெட்டே கிடையாது சார். இலவசமா கிடைக்கிற லினக்ஸ் போட்டா இதே மெஷின் நல்லா ஓடும்" என்றேன்.

"ஆபீஸ்ல எல்லாரும் எதை யூஸ் பண்றாங்களோ, அதைத்தானே மேடம் பசங்களும் பழகணும்?" என்றார் குழுத் தலைவரான கல்வித்துறை இயக்குநர். மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

ஜூன் 12

அதையே வாங்கும் தீர்மானத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன்? எல்லாரும் போட்டார்கள், போட்டேன். சீ.

ஆகஸ்ட் 20

முப்பது கணினிகள் வந்தன. பிள்ளைகள் கை கழுவிவிட்டு வந்து தொட்டார்கள்.

செப்டம்பர் 24

முப்பதும் படுத்துவிட்டன. ஒரே மாதம்! இணையத்தில் சேர்ந்து புதுப்பித்தால்தான் திறக்குமாம். என் போனிலிருந்து இணையம் கொடுத்தேன். புதுப்பிக்க உள்ளே இடமில்லையாம். இதை விற்றவனையும் வாங்கியவனையும் — வாங்கியவர்களில் நானும் உண்டு.

முன் வரிசைப் பெண் எழுந்து, "மிஸ், நாங்க ஏதாவது தப்பா தொட்டுட்டோமா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 25

தலைமையாசிரியர் சொல்கிறார்: "பீரோல வச்சுப் பூட்டிடுங்க டீச்சர். ஆடிட் வந்தா முப்பதும் இருக்கணும், அவ்வளவுதான். ஓடுதான்னு எவன் கேக்கப்போறான்?"

பிள்ளைகள் கேட்பார்கள் ஐயா.

செப்டம்பர் 28, சனி

பென் டிரைவோடு பள்ளிக்குப் போய் எல்லாவற்றையும் துடைத்து லினக்ஸ் போட்டேன். துணைக்கு வந்த கணவர் வழியெல்லாம் புலம்பல். "வேலை போச்சுன்னா என்ன பண்ணுவே?"

"உங்க தலைமேல உக்காந்து சாப்பிடுவேன்."

சிரித்துவிட்டு அவரே ஒவ்வொன்றாகத் திறந்து நீட்டினார். முப்பதும் ஓடுகின்றன.

அக்டோபர் 15

துறையிலிருந்து மெமோ. "அனுமதியின்றி அரசுச் சொத்தை மாற்றியமைத்தது ஏன்?" ஏழு நாளில் விளக்கம் வேண்டுமாம். தலைமையாசிரியர்தான் தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள மேலே எழுதிப் போட்டிருக்கிறார். கணினி செத்துக் கிடந்தபோது ஒருவனும் எதுவும் கேட்கவில்லை. ஓட வைத்ததும் மெமோ!

அக்டோபர் 18

இயக்குநரே போனில். குரலில் தேன்.

"மேடம், மத்த ஸ்கூல்ல நாலாயிரம் மெஷின் அப்படியே தூங்குது. நீங்க என்னமோ போட்டீங்களாமே, அதை எடுத்துட்டு திங்கக்கிழமை வந்துடுங்க. வெளிய யாருக்கும் சொல்ல வேண்டாம்."

"என் மெமோ சார்?"

"அது அது பாட்டுக்குப் போகட்டும் மேடம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"நாலாயிரத்தையும் மாத்தணும்னு உங்க கையெழுத்தோட ஒரு லெட்டர் அனுப்புங்க சார், வர்றேன்."

பட்டென்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 21

நாலாயிரத்திலும் லினக்ஸ் போடச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. 'இயக்குநரின் முன்முயற்சியால்' என்று ஆரம்பிக்கிறது. வைத்துக்கொள்ளட்டும். கீழே பச்சை மையில் அவர் கையெழுத்து இருக்கிறது.

மெமோவுக்கு விளக்கம் கொடுக்க நாளைதான் கடைசி நாள். நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தக் கடிதத்தை நகலெடுத்து, விளக்கம் என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டேன்.