அக்கா கத்தரி

ஜூன் 3

விதைக் கடையில் கத்தரி விதை வாங்கினேன். படம் போட்ட பாக்கெட் இல்லை. உதிரியாக, எடை போட்டு. "படத்துக்குத்தாம்மா காசு, உள்ள இருக்கிறது ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர். பாதி விலை. வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மாடியில இருக்கிறவளுக்கும் கொஞ்சம் குடு. அவளுக்குக் கைராசி" என்றார்.

மாடியில் இருக்கிறவள் என் ஓரகத்தி, இவர் தம்பி மனைவி. போன வருஷம் மொட்டைமாடியில் அவள் தொட்டியில் தக்காளி கொத்துக்கொத்தாக. பக்கத்திலேயே என் தொட்டியில் வெறும் இலை. அன்றிலிருந்து கைராசி, கைராசி! எனக்கென்ன, கையே இல்லையா?

ஜூன் 5

அவளே இறங்கி வந்தாள். "அக்கா, கத்தரி விதை இருந்தா கொஞ்சம் குடுங்களேன்."

இழுப்பறையில் மூன்று வருஷமாகக் கிடந்த பழைய பொட்டலத்தைக் கொடுத்தேன். புதுசு என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கைராசி என்ன செய்கிறது, பார்க்கலாம்.

ஜூன் 6

என் விதையை டப்பாவில் இறுக்க மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மழை பிடித்ததும் விதைப்பு.

ஜூன் 11

அவள் விதைத்துவிட்டாளாம். நான் தினமும் டப்பாவை எடுத்துத் திறந்து பார்க்கிறேன். பத்திரமாக இருக்கிறது.

ஜூன் 20

அவ தொட்டியில முளைச்சிருக்கு. அத்தனையும்! அந்தக் குப்பை எப்படி முளைக்கும்? வயிறு எரியுது. ஆமா, எரியுது — என் நோட்டுலகூட எழுதக் கூடாதா?

ஜூலை 12

மழை பிடித்ததும் விதைத்தேன். என்னுடையதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. மிச்ச விதையோடு கடைக்குச் சண்டை போடப் போனேன். கடைக்காரர் டப்பாவை முகர்ந்து பார்த்தார். பூஞ்சணம்.

"ஃப்ரிட்ஜ்ல வச்சு அடிக்கடி திறந்தீங்களா?"

"சும்மா... பாக்கத்தான்."

"குளிர்ல இருந்து எடுத்த உடனே திறந்தா உள்ள வேர்த்துடும்மா. விதையைக் காய வச்சு மூடிட்டு மறந்துடணும்."

இழுப்பறைப் பொட்டலத்தை மூன்று வருஷம் மறந்தே போயிருந்தேன்.

செப்டம்பர் 25

பக்கத்து வீட்டம்மா வாசலில் நிறுத்தி, "உங்க அக்கா கத்தரி பிரமாதம்" என்றார். புரியாமல் விழித்தேன். ஓரகத்தி தெருவெல்லாம் காய் கொடுத்து, "அக்கா குடுத்த விதை" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதுவே பேராகிவிட்டதாம். இதற்கு அவள் என்னைத் திட்டியே இருக்கலாம்.

டிசம்பர் 2

வேறு வழியில்லாமல் மாடியேறினேன். "கத்தரி விதை இருந்தா கொஞ்சம் குடேன்." சொன்ன பிறகுதான் உறைத்தது, இது அவள் கேட்ட அதே கேள்வி.

"உங்களுக்குன்னு நல்லா முத்தின காயில இருந்து தனியா எடுத்து வச்சிருக்கேன்கா." காய வைத்து, கவரில் போட்டு, மேலே 'அக்கா கத்தரி' என்று எழுதியிருந்தாள். அந்தப் பழைய பொட்டலத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமலே கவரோடு கீழே இறங்கிவிட்டேன்.

இழுப்பறையின் அடியில் வைத்துவிட்டேன். சத்தியமாகத் திறந்து பார்க்க மாட்டேன். அடுத்த வருஷமும் அவள் காய்தான் பெரிதாக இருக்குமோ? இருந்துவிட்டுப் போகட்டும். பேர் என்னுடையது.