மூத்தவன் பங்கு

நவம்பர் 4, செவ்வாய்

விடியும் முன்பே மழை. விறகு நனைந்து, ஊட்டச்சத்து நிலையத்தில் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்ச நேரமாகிவிட்டது. நர்ஸ் சிஸ்டரிடம் திட்டு. எடை போடும் நாள். குழந்தைகளைத் துணித்தூளியில் போட்டுத் தராசுக் கொக்கியில் மாட்டுவது என் வேலை. யாரிடமும் பேச வேண்டாம், அதனால் பிடிக்கும்.

பட்டினச்சேரி செல்வி அக்கா மகன் மறுபடி எடை குறைந்திருக்கிறான். இரட்டையில் தங்கியவன். மூத்தவன் ஆடியில் இறந்துவிட்டான்.

"என்னடி, கருவாடு மாதிரி தொங்குறான்?" என்று ஒரு அம்மா. சிரிப்பு.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "இவன் கஞ்சிய யாரு குடிக்கிறா, ஒன் புருசனா? இப்படியே போனா இவனும் தங்க மாட்டான்."

அக்கா அவனைத் தூளியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

நவ. 5, புதன்

மழை விட்டது. அம்மாவுக்குத் தைலம் வாங்க மறந்தேன்.

பாத்திரம் கழுவப் போனபோது பார்த்தேன். செல்வி அக்கா பின்பக்கம் பூவரச மரத்தடியில், தனியாக. ஒரு கரண்டி கஞ்சி மணலில். அடுத்தது மகன் வாயில். மறுபடி மணலில்.

"மூத்தவன் பாத்துக்கிட்டே இருக்கான் புள்ள. பசிச்ச புள்ள பாக்க இவனுக்கு மட்டும் குடுத்தா கண்ணு விழுந்துராதா?"

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பார்க்கிற குழந்தைக்குக் கொடுத்துவிட்டுத்தான் தின்போம். மணலைப் பார்த்தேன். அவ்வளவு கஞ்சி கொட்டியும் ஒரு எறும்பு இல்லை.

நவ. 7, வெள்ளி

நேற்று முழுக்க யோசனை. சிஸ்டரிடம் சொன்னால் கத்துவார். பிள்ளையோ வற்றிக்கொண்டே போகிறான்.

இன்று நானே கேட்டுவிட்டேன். "அக்கா, மூத்தவன எங்கிட்டக் குடுங்க. உள்ள வச்சு நான் ஊட்டுறேன். தம்பி சாப்புடுறது அவனுக்குத் தெரியாது."

என்னையே பார்த்தார். பிறகு தோளிலிருந்து இறக்கி என் கையில் வைத்தார். "கழுத்து நிக்கல, பாத்து."

வெறுங்கை. ஆனாலும் தலைக்கு அடியில் கை கொடுத்துத்தான் தூக்கி வந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், சின்னவன் கிண்ணத்தைக் காலி செய்துகொண்டிருந்தான்.

நவ. 18, செவ்வாய்

தினமும் அப்படியே. சாப்பாடு முடிந்ததும் அக்கா உள்ளே வந்து கை நீட்டுவார். கொடுத்துவிடுவேன்.

இன்று சாப்பாடு முடிந்து எடை. ஏறியிருக்கிறது! "திட்டுனாத்தான் கேக்குதுங்க" என்று சிஸ்டர். அக்கா சிரித்ததை முதன்முதலில் பார்த்தேன். சின்னவனுக்கு முத்தம் கொடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வரேன் புள்ள." நேரே வாசலுக்கு.

மூத்தவனைக் கேட்கவில்லை. அவன் என் கையிலேயே இருந்தான்.

வீட்டுக்கு வந்தும் இடது கையை மடக்கியே வைத்திருக்கிறேன். நோட்டைப் பிடிக்காமல் ஒரு கையால்தான் இதை எழுதுகிறேன்.