பாத்திரம் கழுவும் நேரத்து ஸ்பானிஷ்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் பேனாவை எடுத்தேன்.

முதலில் என் மானம் போன கதை. உன் மாமியாருக்குக் காலையிலும் ராத்திரியிலும் புவெனோஸ் தியாஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது காலை வணக்கம் மட்டும்தானாம், மாப்பிள்ளை போன வாரம்தான் சொன்னார். அந்த அம்மாவோ ஒரு நாள்கூடச் சிரிக்காமல், படுக்கப் போகும்போதும் அதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். உன் மகளும் இப்போது அதைச் சொல்லிவிட்டுத்தான் தூங்குகிறாள். அவளுக்கு இருமல் தேவலை.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்னை வரவழைத்தாய். வந்த வாரமே மாப்பிள்ளையோடு சண்டை போட்டுக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாய். யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்கப் போவதில்லை. அவரிடம் சண்டைக்குப் போகும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் இல்லை, அவர் கொடுத்துவைத்தவர்.

அந்த இங்கிலீஷையும் நம்பி உன் மாமியார் என்னிடம் பாடம் கேட்கிறார்கள். பாத்திரம் கழுவும் நேரம்தான் பள்ளிக்கூடம். அவர்கள் கரண்டியைத் தூக்கிக் குச்சாரா என்பார்கள், நான் ஸ்பூன் என்பேன். தோவாயா என்றால் டவல். நான் ஸ்பானிஷிலிருந்து தமிழுக்கு வந்து, அங்கே மூச்சு வாங்கி, இங்கிலீஷுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெந்நீர் ஆறிவிடுகிறது. முழங்கால் வலி, மலைபோலத் துணி, இதற்கு நடுவில் இது வேறா என்று அலுத்துக்கொண்டு, இந்த வயசில் உங்கள் அம்மாவுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று மாப்பிள்ளையிடம் கேட்டே விட்டேன். நீ திரும்பி வந்ததும் அந்த அம்மாவுக்கு நடுவில் ஆள் வைக்காமல் உன்னோடு பேசணுமாம்.

நேற்று அந்த அம்மா எதையும் தூக்கிக் காட்டவில்லை. குழாயை மூடிவிட்டுக் கேட்டார்கள். பஸ் எப்போது வரும் என்று கேட்பதற்கு எனக்குக் கற்றுக்கொடுத்திருந்த அதே வார்த்தைகள், குவாண்டோ வியேனே. பஸ் இருந்த இடத்தில் உன்னை வைத்துக் கேட்டார்கள். எனக்கு முழுசாகப் புரிந்தது. புரியாதவன் மாதிரி நின்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

வேளைக்குச் சாப்பிடு, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நாளைக்கு என்றாலும் அடுத்த மாசம் என்றாலும், வரவே மாட்டேன் என்றாலும், ஒரு வரி எழுது. தப்பும் தவறுமாகவாவது அவர்களுக்குச் சொல்லிவிடுவேன்.

தெரியாது என்பதற்கும் எனக்கு ஸ்பானிஷ் தெரியும். நேற்று அது நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் காதிலும் விழுந்திருக்கும்.

உன் நல்லதையே நினைக்கும்
அப்பா