எண் 212, இரவல்

கம்பாலா, 9 மார்ச் 1975

அன்புள்ள அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே, காலைப் பிடித்துக் கெஞ்சுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. தபாலை நம்பவில்லை, லாரி ஓட்டும் நம் மாமா கையில்தான் தருகிறேன்.

அப்பா காவல் காக்கும் பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்கு இன்று சிப்பாய்கள் வந்தார்களாம். ஓவியம் படித்து முடிக்கிற ஒவ்வொருவரும் தன் சிறந்த படைப்பொன்றை அங்கே விட்டுப்போவது வழக்கம் அல்லவா? நீ விட்டுப்போனதைத்தான் அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். சந்தையில் வாழைக்குலைகளை மிதிக்கும் பட்டாளத்து பூட்ஸ்கள்.

"அந்த பூட்ஸ் படம் எங்கேய்யா?"

"கரையான் தின்னுடுச்சு ஐயா. எது பூட்ஸு, எது வாழைக்காய்னு அதுங்களுக்குத் தெரியுமா?"

சிரித்துவிட்டுப் போய்விட்டார்களாம். படம் நம் வீட்டுப் பரணில் இருக்கிறது. எனக்குப் பயம்தான். ஆனாலும் நம் அப்பாவின் சாமர்த்தியத்தைப் பார், அக்கா!

உன் தங்கை,
நபோசா

நைரோபி, 16 மார்ச்

என் செல்ல நபோசா,

அப்பாவிடம் அந்தப் படத்தை எரித்துவிடச் சொல். படம் போனால் இன்னொன்று வரைவேன், அப்பா போனால்? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே நீ.

அக்கா,
நக்கிமேரா

கம்பாலா, 23 மார்ச், இரவு

அன்புள்ள அக்கா,

அப்பாவிடம் சொன்னேன். "வரைஞ்சதும் அவ, கொடுத்ததும் அவ. கொடுத்தப்புறம் எரிக்கச் சொல்ல அவ யாரு? பிள்ளைங்க விட்டுட்டுப் போனது முன்னூறு இருக்கு. என் காவல்ல ஒண்ணுகூடப் போகாது."

தப்பு செய்தது நான். "உங்கப்பா படத்துக்குத் தூசி தட்டுறவர்தானே!" என்று வகுப்பில் நலுகோ இளித்தாள். பொறுக்கவில்லை. "பட்டாளமே தேடுற படம் எங்க வீட்டுப் பரணுல இருக்குடி!" என்றுவிட்டேன். அவள் சித்தப்பா பட்டாளத்தில் இருக்கிறார்.

மாலையில் அப்பா முன் மண்டியிட்டு எல்லாம் சொன்னேன். அடிக்கவில்லை. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டினார். செத்தவர்களைப் போர்த்தும் மரப்பட்டைத் துணிக்குள் வைத்துக் கட்டினார். எல்லையில் எந்தச் சிப்பாயும் கோடித்துணியை அவிழ்க்கமாட்டான் என்கிறார். மூட்டை லாரியில் ஏறிவிட்டது. மாமா இந்தக் கடிதத்துக்காகத்தான் பின்வாசலில் நிற்கிறார்.

மூட்டைக்குள் ஒரு ரசீது இருக்கிறது: "எண் 212, நைரோபிக்கு இரவல்." நீ கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். நாடு சரியானதும் படத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டுமாம். மகளாக இருந்தாலும் ரசீது ரசீதுதானாம்! இத்தனை பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. தூசி தட்டுகிறவர் என்றாளே, நாளைக்கு அவளிடம்

முன்கதவைத் தட்டுகிறார்கள். அப்பா, "வர்றேன், வர்றேன்" என்று கலைக்கூடக் காவலர் சட்டையை மாட்டுகிறார். ஜன்னல் வழியாக இதை மாமாவிடம்