ராஜா ஏன் மகனை மன்னிக்கவில்லை

12 பிப்ரவரி 2003, புதன். மயூர் விஹார், டெல்லி.

தூக்கம் வரவில்லை. இன்றைய ஒத்திகை இன்னும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனியில் கிரேக்க சோக நாடகம். ஆள் கிடைக்காமல் ராஜா வேஷம் எனக்கு வந்தது. எதிரியைத் தப்பவிட்ட சொந்த மகனுக்கே மரண தண்டனை விதிக்கிறவன். இத்தனை நாளும் கத்திக் கத்திப் பேசினேன். என்னாலேயே அவனை நம்ப முடியவில்லை.

இன்று பஸ்ஸில் முழுப் பிரதியைப் புரட்டினேன். நேரம் போதாதென்று இயக்குநர் மோகன் வெட்டிய முதல் காட்சி கண்ணில் பட்டது. இதே குற்றத்துக்காக ராஜா ஏற்கெனவே ஒரு சிப்பாயைக் கொன்றிருக்கிறான். சிப்பாயின் தாய் அழாமல் ராஜாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒத்திகைக்குப் போனதும் பிரதியை மோகனிடம் நீட்டினேன்.

"மோகன், இந்த சீன் இல்லேன்னா அவன் வெறும் கொடூரன். இருந்தா, எல்லாருக்கும் ஒரே நியாயம்னு நம்பறவன். அந்த நம்பிக்கைதான் பிள்ளையைக் கொல்லுது."

"டைம் இல்லை மாலதி."

"நடிச்சுக் காட்டறேன். அப்புறம் சொல்லுங்க."

வசனம் எடுத்துக் கொடுக்கும் சுதாவை அந்தத் தாயாக நிறுத்தினேன். தண்டனையை மகனிடம் சொல்லாமல், அவளைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன். மகனாக நடிக்கும் கார்த்திக், தமிழ் வசனத்தை ஹிந்தி எழுத்தில் எழுதிப் படிக்கிறவன், அடுத்த வரியை மறந்துவிட்டு "அப்பா" என்று மட்டும் சொன்னான். அது பிரதியில் இல்லை. என் குரல் உடைந்துவிட்டது.

"அச்சா, சீன் இருக்கட்டும்," என்றார் மோகன்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பிள்ளையைச் சாகச் சொன்ன அந்த நிமிஷத்தில், நான் செய்வது சரி என்றுதான் எனக்குப் பட்டது.